முதுகு வலிக்கு ஏன் இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கத்திலிருந்து முதுகு வலி என்று வருகிறவர்களில் பலர் கையோடு ஒரு எம்ஆர்ஐ கவரையும் கொண்டுவருவார்கள். "எல்4, எல்5ல ஜவ்வு பிதுங்கியிருக்குன்னு சொல்லிட்டாங்க" என்பார்கள், கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளைச் சொல்கிறார்கள். அந்தப் படத்தையும் பார்ப்பேன். ஆனால் அதற்கு முன்னால் மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, தொடையை உள்ளே வெளியே திருப்பிப் பார்ப்பேன். "வலி முதுகுலதானே, காலை ஏன் பிடிக்கிறீங்க?" என்று உடனே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கும், அதைத் தொடர்ந்து என் பிசியோதெரபி அறையில் திரும்பத் திரும்ப வரும் மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இடுப்பு மூட்டு சரியாக எங்கே இருக்கிறது?

பஸ் படியில் காலைத் தூக்கி வைக்கும்போது தொடை மடங்குகிற இடத்தில் முன்பக்கம் ஒரு மடிப்பு விழும், அந்தத் தொடை இடுக்கில் விரலை வையுங்கள். அதற்கு நேர் பின்னால், ஆழத்தில் இருக்கிறது மூட்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மூட்டில் கோளாறு என்றால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும், தொடையின் முன்பக்கம் இறங்கும், சில பேருக்கு முழங்காலில் மட்டும் தெரியும். அதனால் முழங்காலுக்கே எக்ஸ்ரே மேல் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. பெல்ட் கட்டுகிற இடத்திலோ அதற்குக் கீழே பின்பக்கமோ கையை வைத்து "இங்கதான்" என்றால், அது பெரும்பாலும் முதுகெலும்பையோ அதைச் சுற்றியுள்ள தசையையோ சேர்ந்த வலி.

சரி, அந்த மூட்டு இறுகினால் முதுகுக்கு என்ன?

இரண்டுக்கும் நடுவில் இடுப்பெலும்பு இருக்கிறது. மேலே முதுகெலும்பு அதன் மேல் நிற்கிறது, கீழே கால்கள் அதில் மாட்டியிருக்கின்றன, ஒரு பக்கம் அசைந்தால் மறுபக்கம் சும்மா இருக்க முடியாது. நின்றபடி குனிந்து தரையைத் தொடும்போது கீழ்முதுகின் 5 எலும்புகளும் சேர்ந்து சுமார் 50 முதல் 60 டிகிரி வரை மடங்குகின்றன, மீதி மடிப்பு இடுப்பு மூட்டில் நடக்க வேண்டும். முழங்காலை மடக்கிக்கொண்டால் இடுப்பு மூட்டு தனியாக ஏறக்குறைய 120 டிகிரி மடங்கக்கூடியது, அவ்வளவு இடம் அதில் உண்டு. உடம்பைத் திருப்புவதிலும் இதே கதைதான். கீழ்முதுகு முழுவதும் சேர்ந்து ஒரு பக்கத்துக்குச் சில டிகிரிதான் திரும்பும், அதன் எலும்பு இணைப்புகளின் அமைப்பு அப்படி. இடுப்பு மூட்டோ உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டுக்கும் தாராளமாகத் திரும்பும்.

வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்பதில்லை, கரையில் எங்கே பலவீனமோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். இடுப்பு மூட்டு கொடுக்காத அசைவை உடம்பு அப்படித்தான் கீழ்முதுகிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு நாள் எடுத்தால் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை எடுத்தால் அங்கே வலி வருவதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு நேரடித் தொடர்பும் இருக்கிறது. சோவாஸ் என்று ஒரு தசை, கீழ்முதுகு எலும்புகளின் பக்கவாட்டில் தொடங்கி, இடுப்பு மூட்டின் முன்னால் இறங்கி, தொடை எலும்பின் உள்பக்கம் ஒட்டுகிறது. தொடையைத் தூக்குவதற்கான முக்கியத் தசை அது. அதன் ஒரு முனை முதுகெலும்பிலேயே இருப்பதால், தொடையின் முன்பக்க இறுக்கம் முதுகை முன்னால் இழுக்க முடியும்.

எலும்பு மருத்துவர்கள் இதற்கு ஹிப்-ஸ்பைன் சிண்ட்ரோம், அதாவது இடுப்பு மூட்டு-முதுகெலும்புக் கோளாறு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆஃபியர்ஸ்கி, மெக்நாப் என்ற இருவர் 1983ல் எழுதிய கட்டுரையில் வந்த பெயர் அது. இடுப்பு மூட்டும் முதுகெலும்பும் ஒரே ஆளிடம் கெட்டுப்போயிருந்தால் எது எதனால் என்று பிரித்துப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதுதான் அவர்கள் சொன்னது.

எங்கள் வீட்டில் அம்மா, சின்னம்மா எல்லாரும் நடவுக்குப் போகிறவர்கள். நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால்தான் முதுகு போகிறதா?

குனிவதால் மட்டும் இல்லை. எங்கே மடங்கிக் குனிகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும், குனிந்தே எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பல வருடம் நட்டுப் பழகிய அம்மா ஒருவர் சேற்றில் நிற்பதை வரப்பில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். முழங்கால் லேசாகத்தான் மடங்கியிருக்கும். புட்டம் பின்னால் போயிருக்கும். உடம்பு தொடை இடுக்கில் மடங்கியிருக்கும், முதுகு ஏறக்குறைய ஒரே கோடாகக் கிடக்கும். இடது கையில் நாற்று முடி, அந்த முழங்கை தொடையில் ஊன்றியிருக்கும், மேலுடம்பின் பாரத்தில் ஒரு பங்கு அந்த ஊன்றலில் இறங்கிவிடும். வலது கை மட்டும் பிரித்துப் பிரித்து ஊன்றிக்கொண்டே போகும். அதே வரிசையில் புதிதாக வந்த பெண் ஒருவர் நின்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முழங்காலை விறைப்பாக வைத்திருப்பார், இடுப்பு பாதியிலேயே நின்றுவிடும், மீதிக் குனிவு முழுவதும் முதுகில் வளைந்து கிடக்கும். சாயங்காலம் யார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நன்றாகக் குனியத் தெரிந்தவருக்கும் ஒரு எல்லை இருக்கிறது. முழுசாகக் குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் ஒரு கட்டத்தில் வேலையை நிறுத்திவிடுகின்றன, பாரம் முழுவதும் எலும்புகளைக் கட்டியிருக்கும் நார்களுக்குப் போய்விடுகிறது. இதை 1950களிலேயே தசைகளின் மின்னோட்டத்தை அளந்து காட்டிவிட்டார்கள். அரை மணி, முக்கால் மணி அப்படியே தொங்கினால் அந்த நார்கள் கொஞ்சம் நீண்டு தளர்ந்துவிடும், நிமிர்ந்தவுடனே பழைய நிலைக்கு வராது, நேரம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் நம்மவர்கள் கரையேறியதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறார்கள், அடுத்த வயலுக்கு நாற்றுக் கட்டைத் தலையில் ஏற்றுகிறார்கள். 'சடக்குன்னு பிடிச்சுக்கிச்சு' என்று சொல்கிற பிடிப்பு நிறைய அந்த நிமிடத்தில் வருவதுதான்.

ஆகவே நடவு வேலை கொடுக்கிறவர்களிடமும் வேலைக்குப் போகிறவர்களிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான்: ஒவ்வொரு தடவை வரப்புக்கு வரும்போதும் நிமிர்ந்து, கையை இடுப்பில் வைத்து, நாலைந்து தடவை மெதுவாகப் பின்னால் சாயுங்கள். கரையேறியதும் கொஞ்ச நேரம் நடந்த பிறகு பாரத்தைத் தூக்குங்கள். வேலையில் ஒன்றும் குறைந்துவிடாது. ஜூன் 12ல் மேட்டூர் திறந்து குறுவை தொடங்கினால் அப்புறம் சம்பா, தாளடி என்று மாதக்கணக்கில் ஓடுகிற வேலை, முதல் வாரத்திலேயே முதுகைக் கொடுத்துவிட்டால் மீதிக்கு யார் போவது?

நான் வயலுக்கே போவதில்லை. கும்பகோணத்தில் கடையில் கணக்கு எழுதுகிறேன், நாற்காலியில்தான் இருக்கிறேன். எனக்கு ஏன் வலி?

நாற்காலியில் தொடை 90 டிகிரி மடங்கியிருக்கும்போது இடுப்பெலும்பு கொஞ்சம் பின்னால் சாய்கிறது, கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிறது. கீகன் என்ற அமெரிக்க மருத்துவர் 1953லேயே எக்ஸ்ரே எடுத்து இதைக் காட்டினார். தொடைக்கும் உடம்புக்கும் இடையிலான கோணம் அகலமாக, சுமார் 135 டிகிரியாக இருக்கும்போதுதான் முதுகு தன் இயல்பான வளைவில் இருக்கிறது என்றார். உட்காரும் பலகையை ஒரு விரற்கடை உயர்த்தினால்கூட வித்தியாசம் தெரியும் என்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது நடை. பின்னால் போகும் கால் இடுப்புக்குப் பின்புறம் 10 டிகிரிக்கு மேல் போயாக வேண்டும். அந்தப் பக்கம் இடுப்பு மூட்டுக்கு இருக்கிற மொத்த இடமே 10 முதல் 20 டிகிரிதான், தாராளம் கிடையாது. காலையில் எக்செல் வண்டியில் உட்கார்ந்து கடைக்குப் போய், கடையில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்கிறவர் அந்த 10 டிகிரியை ஒரு நாளில் எத்தனை தடவை பயன்படுத்துகிறார்? பயன்படுத்தாத அசைவு குறைந்துகொண்டே வரும். அப்புறம் ஒரு நாள் கோயில் பிரகாரத்தைச் சுற்றும்போது கால் பின்னால் போக மறுக்கும், உடம்பு கீழ்முதுகைக் குழித்து அந்த அடியை எடுத்து வைக்கும்.

இதில் அளவுக்கு மீறிச் சொல்லவும் கூடாது. "உட்கார்ந்து உட்கார்ந்து தசை குட்டையாகிவிட்டது, அதனால் இடுப்பெலும்பு முன்னால் கவிழ்ந்துவிட்டது, அதனால்தான் வலி" என்று வீடியோக்களில் சொல்வதுபோல எல்லோருக்கும் நேர்க்கோட்டில் நடப்பதில்லை. இடுப்பெலும்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருப்பது வலியே இல்லாத நிறையப் பேருக்கும் உள்ள சாதாரண அமைப்பு.

அப்படியானால் "நிமிர்ந்து உட்காரு" என்று பிள்ளைகளை அதட்டுவது?

விட்டுவிடலாம். நாள் முழுக்க ஒரே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாலும் வலிக்கும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போய் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், அது போதும்.

சம்மணம் போட்டால் பத்து நிமிடத்தில் முதுகு கூன் விழுகிறது. பந்தியில்கூட உட்கார முடியவில்லை.

சம்மணத்துக்குத் தொடை மடங்கவும் வேண்டும், வெளிப்பக்கம் திரும்பவும் வேண்டும். அது நடக்காவிட்டால் முழங்கால்கள் அந்தரத்தில் நிற்கும். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் நின்றால் இடுப்பெலும்பு பின்னால் உருண்டுவிடும், அதற்கு மேல் இருக்கிற முதுகு வளையாமல் என்ன செய்யும்? அப்போது முதுகை நிமிர்த்தப் போராடுவது வீண் வேலை. உட்காருமிடத்தை உயர்த்துங்கள். ஒரு மணைப்பலகையோ நாலாக மடித்த ஜமுக்காளமோ புட்டத்துக்கு அடியில் போட்டு, முழங்கால் இடுப்புக்குக் கீழே இறங்குகிற உயரம் வரும்வரை மடிப்பைக் கூட்டுங்கள். முதுகு தானாக எழுந்துகொள்ளும். திருவையாற்றில் ஆராதனைக்குப் போய் மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து பஞ்சரத்தினம் கேட்க ஆசைப்படுகிறவர்கள் ஒரு சின்ன தலையணையைப் பையில் எடுத்துப் போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை, காலை மட்டும் அவ்வப்போது மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

திருபுவனத்தில் குழித்தறியில் நெய்கிறவர்களுக்குக் கால் குழிக்குள் தொங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. அவர்களுக்குச் சிக்கல் வேறு, நாள் முழுக்க முன்னால் சாய்ந்தே இருப்பது.

என் மகள் பரதநாட்டியம் கற்கிறாள், 11 வயது. அரைமண்டியில் (முழங்காலை மடக்கிப் பாதி இறங்கிய நிலையில்) நின்றால் இடுப்பு குழிந்து வயிறு முன்னால் வருகிறது. தொடையை விரிக்கச் சொல்லி அழுத்தலாமா?

அழுத்தவே வேண்டாம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பரதநாட்டியப் பாணிகளுக்குப் பெயர் கொடுத்த பந்தநல்லூரும் வழுவூரும் நம் ஊர்கள், தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் ஆட்டத்துக்கு வடிவம் கொடுத்ததும் இந்த மண்ணில், பெரிய கோயிலின் மேல்தளத்தில் 81 கரணங்களை, அதாவது நடன நிலைகளை, கல்லில் வைத்திருக்கிறோம். இங்கே அரைமண்டியைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துப் பிள்ளைகள் முதுகைக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

அரைமண்டியில் பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் ஒரு இடுப்பு மூட்டு வெளிப்பக்கம் திரும்பும் அளவு பொதுவாக 45 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், பிள்ளைக்குப் பிள்ளை மாறும். குழி எந்தப் பக்கம் பார்த்து அமைந்திருக்கிறது, தொடை எலும்பின் கழுத்து எவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் எலும்பின் அமைப்பு. பிறக்கும்போது அந்த முறுக்கு சுமார் 40 டிகிரி இருக்கும், வளர வளரக் குறைந்து பெரியவர்களிடம் 15 டிகிரி அளவுக்கு வரும். 11 வயதில் சில பிள்ளைகளுக்கு அது இன்னும் முழுசாக இறங்கியிருக்காது. தசையை இழுத்துப் பழக்கலாம், எலும்பை இழுத்துப் பழக்க முடியாது.

மூட்டு திரும்பாதபோது பிள்ளை என்ன செய்யும்? டீச்சர் திட்டுவாரே என்று பாதத்தை மட்டும் திருப்பி வைக்கும், முழங்கால் முறுக்கப்படும். இடுப்பெலும்பை முன்னால் கவிழ்த்தால் மூட்டின் முன்பக்க நார்கள் தளர்ந்து இன்னும் கொஞ்சம் திரும்ப இடம் கிடைக்கும், அந்த இடத்துக்காகக் கீழ்முதுகு குழிகிறது. நீங்கள் பார்க்கிற குழிவுக்குக் காரணம் அதுதான். "வயிற்றை உள்ளே இழு" என்று சொன்னால் ஒரு நிமிடம் இழுக்கும், ஜதி வேகமானதும் பழையபடி ஆகிவிடும்.

வீட்டில் இப்படிப் பாருங்கள்: சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கச் சொல்லி, பாதங்களைக் குறைவாகத் திருப்பி அரைமண்டி இறங்கச் சொல்லுங்கள். இடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் உள்ளங்கை மட்டும் நுழைகிற அளவு இடைவெளி இருந்தால், இன்றைக்கு அவளுக்குப் பொருத்தமான திருப்பம் அதுதான். முழங்கால் பாதத்தின் நடுவிரல் திசையிலேயே போகிறதா என்று பாருங்கள். அங்கிருந்து மாதக்கணக்கில் மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். தொடை இடுக்கில் வலி என்றாலோ 'டக்' என்ற சத்தத்தோடு வலி வந்தாலோ வகுப்பை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் மூட்டு இறுகியிருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும். திண்ணை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பெஞ்ச். கயிற்றுக் கட்டில் தொய்யும், அது வேண்டாம்.

தொடைகள் பாதிவரை திண்ணையில் இருக்கும்படி, விளிம்பை ஒட்டி மல்லாக்கப் படுத்துக்கொள்ளுங்கள். ஒரு முழங்காலை இரண்டு கையாலும் மார்போடு கட்டி இழுங்கள், கீழ்முதுகு திண்ணையில் படிய வேண்டும். இப்போது மற்ற தொடையைக் கவனியுங்கள். அது திண்ணையிலேயே கிடந்தால் முன்பக்கம் சரியாக இருக்கிறது. மேலே எழும்பி நின்றால் இறுக்கம். 19ம் நூற்றாண்டில் ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர் கண்டுபிடித்த சோதனை இது, இன்றைக்கும் நாங்கள் முதலில் செய்வது இதைத்தான். முதுகு மேலே குழிந்தால் இறுக்கம் மறைந்துவிடும், அதனால்தான் முதுகு படிய வேண்டும் என்கிறேன்.

அடுத்து அதே திண்ணையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு பாதங்களை மட்டும் வெளியே விரியுங்கள். தொடை உள்பக்கம் திரும்பும் அசைவு இது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் குறைந்து, தொடை இடுக்கில் வலியும் இருந்தால் எக்ஸ்ரே தேவை, ஏனென்றால் மூட்டுத் தேய்மானத்தில் பெரும்பாலும் முதலில் குறைவது இந்த அசைவுதான்.

என்ன பயிற்சி செய்யலாம்?

ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னால் வையுங்கள். ஊன்றிய பக்கத்துப் புட்டத்தை இறுக்கிப் பிடித்தபடி உடம்பை ஒரு விரற்கடை முன்னால் நகர்த்தினால் தொடையின் முன்பக்கம் இழுக்கும். முதுகைக் குழித்துக்கொண்டு எவ்வளவு முன்னால் போனாலும் பயன் இல்லை, புட்டம் இறுகியிருக்க வேண்டும். 30 விநாடி, பக்கத்துக்கு மூன்று தடவை.

அப்புறம் குனியக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நீளக் கம்பை முதுகோடு சேர்த்துப் பிடியுங்கள், தலையின் பின்புறம், நடுமுதுகு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு பட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, புட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். எந்த இடத்தில் கம்பு விலகுகிறதோ அங்கே உங்கள் இடுப்பு நின்றுவிட்டது, முதுகு தொடங்கிவிட்டது. அந்த எல்லையைக் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. தூணைப் பிடித்துக்கொண்டு குந்தி எழுவதையும் மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கிப் புட்டத்தைத் தூக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இழுத்து மட்டும் விட்டுவிட்டால் நிற்காது, பலமும் வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

இடுப்பு பெல்ட்?

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றும், உடற்பயிற்சியும் வலியைப் பற்றிய விளக்கமும் கொடுங்கள் என்றும் சொல்கிறது. எனக்கும் அதே கருத்துதான்.

எப்போது பயிற்சியெல்லாம் விட்டுவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்?

சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், மலவாயைச் சுற்றி மரத்துப்போனால், காலில் பலம் திடீரென்று குறைந்தால் அன்றைக்கே, அந்த இரவிலேயே போங்கள். வயதானவர் வழுக்கி விழுந்து காலை ஊன்ற முடியாவிட்டால் எண்ணெய் தடவிக் காத்திருக்கக் கூடாது, தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம். காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி இருந்தால் காசநோய் உட்படப் பலதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயங்கள் அடிக்கடி தவறிப்போகின்றன. இருபது, முப்பது வயதில் காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் முதுகு விறைத்திருந்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடினால் அது வாத வகை நோயாக இருக்கலாம், மூன்று மாதமாக இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். அதே வயதில் தொடை இடுக்கில் தீராத வலி, கூடவே நீண்ட நாள் குடிப் பழக்கமோ ஸ்டீராய்டு மருந்தோ இருந்தால், உருண்டைத் தலைக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துக்கொண்டிருக்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் அது தெரியாது, எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருக்கும்.

அப்பாவுக்கு இடுப்பு மூட்டும் தேய்ந்திருக்கிறது, முதுகிலும் ஜவ்வுக் கோளாறு. எதற்கு முதலில் ஆபரேஷன்?

இதை நேரில் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல முடியும். நரம்பு அழுத்தத்தால் கால் பலம் குறைந்துகொண்டிருந்தால் முதுகை முதலில் எடுப்பார்கள். அப்படி அவசரம் இல்லையென்றால் பல நேரங்களில் இடுப்பு மூட்டை முதலில் மாற்றுகிறார்கள், அதன் பிறகு முதுகு வலியும் குறைந்தவர்கள் நிறையப் பேர். எது வலிக்குக் காரணம் என்று குழப்பமாக இருந்தால் இடுப்பு மூட்டுக்குள் மரத்துப்போகும் ஊசி போட்டு வலி போகிறதா என்று பார்க்கலாம், அந்தச் சோதனையைப் பற்றிக் கேளுங்கள். முதுகில் ஏற்கெனவே ஸ்குரூ போட்டு எலும்புகளைச் சேர்த்திருந்தால் அதை மூட்டு மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அசையாத முதுகு உள்ளவர்களுக்கு மாற்றிய மூட்டு நழுவும் வாய்ப்பு அதிகம், அதற்கேற்ப அவர் திட்டமிடுவார். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரா, வீட்டில் இந்தியன் கழிப்பறையா, வயலுக்குப் போகிறவரா என்பதையும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொல்லி, அப்புறம் எதெல்லாம் செய்யலாம், எதெல்லாம் கூடாது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறையை மாற்ற வேண்டியிருந்தால் அப்பா ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்பே மாற்றி முடித்துவிடுங்கள்.